ஆதித் திருச்சபையைத் தாங்கியது சகோதர அன்பே!

நடுவர் அவர்களுக்கும், அவையில் அமர்ந்திருக்கிற பெரியவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம்.

"ஆதித் திருச்சபையைத் தாங்கி நிறுத்தியது அப்போஸ்தலரின் போதனையா, விசுவாசிகளின் சகோதர அன்பா?" இதுதான் தலைப்பு. அப்போஸ்தலர் என்றால் இயேசு தம் செய்தியைச் சொல்ல அனுப்பியவர்கள். எதிரணித் தலைவர் ஐயா, பரிசுத்த ஆவி சீஷர்கள்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் தொடங்கினார். அப்போஸ்தலர் பேதுரு ஒரு பிரசங்கம் செய்தார், ஏறக்குறைய 3,000 பேர் சேர்ந்தார்கள், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். சேர்ந்தார்கள் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் அதிகாரத்தை நீங்கள் அங்கேயே மூடிவிட்டீர்கள். இன்னும் நாலு வசனம் படித்தால், நிலபுலன்களை விற்று அவரவர் தேவைக்குத் தக்கபடி பகிர்ந்தார்கள், வீடுதோறும் அப்பம் பிட்டார்கள் என்று வருகிறது. அதற்குப் பிறகுதான் சபையில் தினந்தோறும் ஆட்கள் சேர்ந்த செய்தி வருகிறது.

அடுத்து வந்த அம்மா, பவுல் இல்லாமல் திருச்சபை ஏது என்றார்கள். நல்ல கேள்வி. நானும் அதையே கேட்கிறேன்: பவுல் எப்படி உள்ளே வந்தார்? தமஸ்குவில் அனனியா என்ற சீஷர் இருந்தார். விசுவாசிகளைக் கட்டி இழுத்துப் போகத்தான் பவுல், அன்று சவுல் என்ற பெயரில், அந்த ஊருக்குப் புறப்பட்டு வந்தவர். அனனியாவுக்கு அது தெரியும், ஆண்டவரிடமே தயங்கிப் பேசுகிறார். அப்புறம் போகிறார். பார்வையிழந்து உட்கார்ந்திருந்தவர்மேல் கை வைத்து, "சகோதரனாகிய சவுலே" என்று கூப்பிடுகிறார். தன்னைப் பிடிக்க வந்தவரைப் பார்த்து இப்படிக் கூப்பிட எவ்வளவு பெரிய மனது வேண்டும்! பிறகு எருசலேமிலும் எல்லோரும் சவுலைக் கண்டு பயந்தார்கள், சீஷன் என்றே நம்பவில்லை. சீப்புருதீவுக்காரரான பர்னபாதான் அவரை அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போனார். பின்னாளில் தர்சு பட்டணம்வரை போய்த் தேடி அழைத்து வந்தவரும் அதே பர்னபாதான். நீங்கள் இன்று மேற்கோள் காட்டிய பவுலின் நிருபங்கள், அதாவது கடிதங்கள், அத்தனைக்கும் முன்னால் இந்த இரண்டு பேர் நிற்கிறார்கள்.

சரி, எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம். "நாங்கள் தேவவசனத்தைப் போதியாமல், பந்திவிசாரணைசெய்வது தகுதியல்லவே" என்று பன்னிருவரும் சொன்னார்களே, போதனைதானே முதலிடம் என்று வாதாடினார்கள். அந்தப் பேச்சு எதனால் வந்தது? கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப் போனார்கள். முணுமுணுப்பு எழுந்தது. ஒரே விசுவாசம்தான், ஆனால் மொழி வேறு, வளர்ந்த விதம் வேறு. சபை இரண்டாகப் பிளக்க இது போதும். அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? குறை சொன்னவர்களை அதட்டவில்லை. பொறுமையாக இருங்கள் என்று ஒரு பிரசங்கம் செய்து அனுப்பவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! நிக்கொலாவோ யூதராகப் பிறந்தவரே அல்ல, அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு வந்தவர். யார் பக்கம் வயிறு காய்ந்ததோ, அந்தப் பக்கத்தாரை நம்பியே பந்தி ஒப்படைக்கப்பட்டது என்றுதான் அந்தப் பட்டியல் எனக்குச் சொல்கிறது.

சோறு பரிமாற என்ன தகுதி கேட்டார்கள் தெரியுமா? பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து, நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும். ஜெபம்பண்ணி, கைகளை வைத்து நியமித்தார்கள். பந்தியை அவர்கள் தாழ்வாக நினைத்திருந்தால் இதெல்லாம் எதற்கு? அதற்கு அடுத்த வசனத்தில்தான் தேவவசனம் விருத்தியடைந்தது என்றும், சீஷரின் தொகை மிகவும் பெருகியது என்றும், ஆசாரியர்களில் அநேகர் விசுவாசத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள் என்றும் படிக்கிறோம். விதவையின் தட்டு நிரம்பியது, வசனமும் வளர்ந்தது.

அந்தியோகியாவில் பேதுரு தடுமாறியதையும் சொன்னார்கள். பிற இனத்து விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகினார். பர்னபாவும் அந்த இழுப்பில் போய்விட்டார். பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். போதனைதானே திருத்தியது என்கிறீர்கள். நான் கேட்கிறேன், பேதுருவுக்குப் போதனையா குறைவு? செசரியாவில், யூதரல்லாத ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டிலே நின்று, தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று அறிக்கையிட்டவரே அவர்தான்! உபதேசம் முழுவதும் கையில் இருந்தது. ஆனாலும் சகோதரனின் பக்கத்தில் உட்கார முடியாமல் எழுந்துவிட்டார். அவர் எழுந்தபோது எந்த உபதேசமும் மாறவில்லை, ஆனாலும் சபை உடையப் பார்த்தது. பவுல் அவ்வளவு கோபப்பட்டதும் அந்தப் பந்திக்காகத்தான்.

அதே பவுல் சிறையிலிருந்து பிலேமோனுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்புகிறார். இனிமேல் அவன் அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக இருக்கட்டும் என்கிறார். அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். அன்று அவர்களால் அடிமை முறையை ஒழிக்க முடியவில்லை என்று எதிரணி சொல்வது உண்மை, அது வலிக்கிற உண்மை. ஆனால் சட்டம் உடைமை என்று எழுதி வைத்த ஒருவனுக்காக, அவன் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு சகோதரன் என்று வாதாட அங்கே ஓர் ஆள் இருந்தாரே!

இது நாங்களே எங்களைப் புகழ்ந்துகொள்வதா? லூசியன் என்ற கிரேக்க எழுத்தாளர் 2-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்களைக் கேலி செய்து எழுதினார். சிறையில் கிடந்த ஒருவனுக்காக விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் விடியற்காலையிலேயே வாசலில் காத்து நின்றார்களாம், வெளியூர்ச் சபைகளும் உதவிக்கு ஆள் அனுப்பினவாம், தாங்கள் எல்லோரும் சகோதரர்கள் என்று நம்புகிறார்களாம். கேலி செய்ய வந்தவரின் கண்ணிலும் இதுதான் பட்டது.

நிறைவாக ஒரு கணக்கு. 3-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமாபுரி ஆயர் கொர்னேலியுஸ், அந்தியோகியா ஆயருக்குத் தன் சபையின் நிலவரத்தைக் கடிதமாக எழுதினார். அதில் மூப்பர்கள் 46 பேர். உதவிக்காரர்கள், எருசலேமில் போலவே, 7 பேர். சபையின் ஆதரவில் வாழ்ந்த விதவைகளும் துன்பப்பட்டவர்களும் 1,500-க்கும் மேல். துன்புறுத்தலுக்குத் தப்பி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு சபை, அத்தனை பேரையும் கைவிடாமல் வைத்திருந்தது. நடுவர் அவர்களே, அந்த 1,500 பேரையும் மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.