சிம்பல் இல்லாத டிரம்ஸ்

வணக்கம் நேயர்களே. ஆளில்லாத கல்யாண மண்டபத்தில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை நின்ற பிறகும் அதன் கார்வை சுவருக்குச் சுவர் மோதி, மெல்ல மெல்லத் தேயும். அதைப் பாதியில் யாராவது கத்தரியால் நறுக்கினால் எப்படி இருக்கும்? எண்பதுகளின் ஆங்கிலப் பாப் பாட்டுகளில் 'டப்' என்று நெஞ்சில் இடித்துவிட்டு, அடுத்த கணமே வாயை மூடிக்கொள்ளும் டிரம்ஸ் அப்படிப் பிறந்ததுதான்.

பிறந்த இடம் லண்டனின் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோ. ஆங்கிலப் பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பம் அங்கே பதிவாகிக்கொண்டிருந்தது, வெளிவந்தது 1980இல். டிரம்ஸில் ஃபில் காலின்ஸ், கண்ட்ரோல் அறையில், ஒலிகளைக் கலக்கும் கன்சோல் மேசையில் ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்ஜம். உள்ளே இருக்கும் கலைஞர்கள் பேசுவது கண்ட்ரோல் அறைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக மேலே ஒரு மைக் இருக்கும். வெறும் பேச்சுக்கான மைக். டேப்புக்குப் போக அதற்கு வழியே கிடையாது. மூலையில் நின்று முணுமுணுத்தாலும் காதில் விழ வேண்டுமே, அதனால் அதில் ஒரு முரட்டு கம்ப்ரெஸர். பலத்த ஓசையை அமுக்கும், சன்னமான ஓசையை மேலே தூக்கும்.

காலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த மைக் திறந்துவிட்டது. அறையின் கார்வை மொத்தமும் ஸ்பீக்கரில் பொங்கியது. சரி, இதை விடக்கூடாது என்று வயரை மாற்றிப் பூட்டச்செய்து டேப்புக்கு இழுத்தார் பாட்ஜம். கூடவே நாய்ஸ் கேட். ஓசை ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் கதவைச் சாத்திவிடும் கருவி அது. பொங்கிய கார்வை தேயும் முன்பே அறுந்தது.

அந்த ஆல்பத்தில் சிம்பல், அதாவது டிரம்ஸோடு வைத்து அடிக்கும் உலோகத் தட்டு, வேண்டாம் என்று கேப்ரியல் சொல்லியிருந்தார். அதுவும் கைகொடுத்தது. சிம்பல் விடாமல் இரைந்துகொண்டே இருக்கும். கம்ப்ரெஸர் அந்த இரைச்சலையும் தூக்கிவிடும், நாய்ஸ் கேட் கதவும் மூடாது. முதல் பாட்டான 'இண்ட்ரூடர்' கேளுங்கள், புரியும். 1981இல் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' அதே ஒலியை வீடு வீடாகக் கொண்டுபோனது. பிறகு அதையே செய்து தரும் டிஜிட்டல் ரிவெர்ப் பெட்டிகள், அதாவது செயற்கையாகக் கார்வை சேர்க்கும் கருவிகள் வந்தன. ஆளாளுக்குப் பயன்படுத்தினார்கள், எனக்கு அலுத்தும் போனது.

அதே 1980இல் அமெரிக்காவில் ரோஜர் லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். நிஜ டிரம்ஸின் ஓசைகளையே சிப்பில் பதித்து வைத்த இயந்திரம், விலை ஏறத்தாழ 5000 டாலர். வேடிக்கை என்னவென்றால், அதிலும் சிம்பல் இல்லை! காரணம் வேறு: நீண்ட ஓசைக்கு நினைவகம் நிறைய வேண்டும், அன்றைக்கு அது யானை விலை.

ஆனால் அதன் முதுகில் ஒவ்வொரு ஓசைக்கும் சுருதி மாற்றும் திருகுகள் இருந்தன. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் அவற்றோடு விளையாடினார். 1984இல் வந்த 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டில், மரக்கதவை விரல் முட்டியால் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். ஸ்னேர் டிரம்மின் விளிம்பில் குச்சி படும் ஓசைதான், சுருதியைக் கீழே இறக்கியது. அந்தத் தட்டலுக்கு இடம் வேண்டுமென்றோ என்னவோ, பதிவு செய்திருந்த, கனத்த கீழ் ஓசை தரும் பேஸ் கிடாரையே மிக்ஸிங்கில் நீக்கிவிட்டார். அடித்தளம் இல்லாத அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

நிலையத்தார் இப்போது அதைத்தான் ஒலிபரப்பப் போகிறார்கள். ரேடியோவில் பேஸ் திருகைக் கூட்டிப் பார்க்காதீர்கள், உங்கள் பெட்டியில் கோளாறு ஒன்றுமில்லை.