பில்லி ரஃபியன்: நெப்போலியன் தானே வந்து ஏறிய போர்க்கப்பல்

[திரையில்: மெட்வே ஆறு, பழைய வரைபடம்]

1786 அக்டோபர். இங்கிலாந்தில் மெட்வே ஆற்றங்கரை ஊரான ஃபிரிண்ட்ஸ்பரியில், 74 பீரங்கிகள் சுமக்கும் போர்க்கப்பல் ஒன்று தண்ணீரில் இறங்கியது. பெயர் பெல்லெரோஃபன். கிரேக்கப் புராண வீரனின் பெயர். மாலுமிகளின் வாயில் அது நுழையவில்லை. 'பில்லி ரஃபியன்' என்று ஆக்கிக்கொண்டார்கள். ரஃபியன் என்றால் ரவுடி. எனக்கென்னவோ இந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது.

[திரையில்: இரவுக் கடல், தீ]

1798 ஆகஸ்ட் 1, எகிப்தின் அபூகீர் விரிகுடா. பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் மோதின. பிரெஞ்சுத் தளபதியின் பிரம்மாண்டமான 'லோரியான்' கப்பலுக்குப் பக்கத்தில் போய் நங்கூரம் போட்டது நம் ரவுடி. எதிரில் ஏறத்தாழ 120 பீரங்கிகள். நம் கப்பலின் மூன்று பாய்மரங்களும் சாய்ந்தன, அதிலிருந்த 49 பேர் இறந்தார்கள். கப்பல் அடிபட்டு விலகி மிதந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று: அன்றிரவே லோரியான் வெடித்துச் சிதறியது.

1805, ஸ்பெயின் அருகே டிரஃபால்கர் கடற்போர். பிரெஞ்சுக் கப்பல் 'லெய்கிள்' உரசிக்கொண்டு நிற்கிறது. மேலிருந்து துப்பாக்கிச் சூடு, கைக்குண்டு. கேப்டன் ஜான் குக் சுடப்பட்டு இறந்தார். பொறுப்பேற்ற லெப்டினன்ட் வில்லியம் கம்பி, திரி எரிந்துகொண்டிருந்த ஒரு குண்டைக் கையாலேயே எடுத்துக் கடலில் வீசினார்.

இன்னொரு குண்டு கீழ்த்தளத்துக்குள் விழுந்து வெடித்தது. அந்த அதிர்ச்சியில் சாமான் அறையின் கதவு திறந்து தீப்பிடித்தது. அதே அதிர்ச்சி வெடிமருந்து அறையின் கதவை அடித்துச் சாத்திவிட்டது! சாத்தாமல் இருந்திருந்தால் இரண்டு கப்பல்களும் போயிருக்கும்.

[திரையில்: ரோஷ்ஃபோர் கடற்கரை]

சரி, 1815. வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன் அமெரிக்காவுக்குத் தப்பப் பார்க்கிறார். பிரான்சின் ரோஷ்ஃபோர் கடலில் வழிமறித்து நிற்பது இதே கப்பல். ஜூலை 15 அன்று அவரே வந்து ஏறி, கேப்டன் மெயிட்லண்டிடம் சரணடைந்தார்.

இங்கிலாந்தின் டார்பே விரிகுடாவுக்குக் கப்பல் வந்ததும், அவரைப் பார்க்கப் படகு படகாகக் கூட்டம். மாலுமிகள் பலகையில் எழுதித் தொங்கவிட்டார்கள்: 'காலை உணவில் இருக்கிறார்', 'அறையில் இருக்கிறார்', 'மேல்தளத்துக்கு வருகிறார்'. கரையில் கால் வைக்க மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. ஆகஸ்டில் வேறு கப்பலுக்கு மாற்றி செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பினார்கள்.

அப்புறம் பில்லி ரஃபியன் கைதிகளை அடைக்கும் மிதக்கும் சிறையானது. 1824இல் பெயரையும் வேறொரு கப்பலுக்குக் கொடுத்துவிட்டு, இதற்கு 'கேப்டிவிட்டி' என்று வைத்தார்கள். சிறைவாசம் என்று அர்த்தம். 1836இல் விற்று, உடைத்துவிட்டார்கள்.