ஒட்டாத காந்தம்

ஊட்டி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பொருள் காந்தமா இல்லையா என்று எப்படிப் பார்ப்போம்? ஓர் ஆணியைப் பக்கத்தில் கொண்டுபோவோம். ஒட்டினால் காந்தம், ஒட்டாவிட்டால் இல்லை. கோத்தகிரிப் பக்கம் பள்ளியில் படித்தபோது நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் உள்ளே முழுக்கக் காந்தம் நிறைந்திருந்தும், வெளியே ஓர் ஊசியைக்கூட இழுக்காத பொருள்கள் இருக்கின்றன.

எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு வரிசையில் எல்லோரும் மேட்டைப் பார்த்து நிற்கிறார்கள், அடுத்த வரிசையில் எல்லோரும் பள்ளத்தைப் பார்த்து. தூரத்திலிருந்து தலைகளை மட்டும் பார்ப்பவருக்கு எல்லா வரிசையும் ஒன்றுதான். நாலடிக்கு ஒரு வரிசை என்று எழுதிக்கொள்வார். முகம் தெரிகிறவர் அப்படி எழுத மாட்டார். அதே மாதிரி வரிசை மறுபடி வர எட்டடி ஆகிறது என்பார்.

மாங்கனீசு ஆக்சைடு இப்படிப்பட்ட பொருள். அதன் ஒவ்வொரு மாங்கனீசு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஓர் அடுக்கு ஒரு பக்கம் பார்த்தால் அடுத்த அடுக்கு நேர் எதிர்ப்பக்கம் பார்க்கும். கூட்டினால் பூஜ்யம். இப்படி ஓர் ஒழுங்கு இருக்க முடியும் என்று பிரான்சின் லூயி நீல் 1930களிலேயே சொல்லிவிட்டார். கண்ணால் காட்டத்தான் வழியில்லை. எக்ஸ்ரே எலக்ட்ரான்களின் மின்னூட்டத்தில் பட்டுச் சிதறுவது. அதற்குத் தலை தெரியும். முகம் ஏறக்குறையத் தெரியாது.

முகம் பார்க்கிற கண் நியூட்ரானுக்கு இருக்கிறது. அதற்கு மின்னூட்டம் கிடையாது, ஆனால் அதுவே ஒரு நுண்ணிய காந்தம். அணு உலையில் பிறக்கும்போது மிக வேகமாக வரும். தண்ணீரிலோ கனநீரிலோ மோதி மோதி, நொடிக்கு 2,200 மீட்டர் அளவுக்குத் தணியும். அதுவும் மெதுவில்லைதான்: நம் மலை ரயில் ஒரு மணி நேரம் எடுக்கிற ஊட்டி–குன்னூர் பாதையை 9 நொடியில் கடந்துவிடும்! நியூட்ரான் அலைபோலவும் நடந்துகொள்ளும்; அந்த வேகத்தில் அதன் அலைநீளம் அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஒத்துப்போகிறது. அதனால்தான் அந்தத் தூரத்தை அதை வைத்து அளக்க முடிகிறது. இந்தப் பொருத்தம் எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

1949இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் கிளிஃபோர்ட் ஷல்லும் சாமுவேல் ஸ்மார்ட்டும் மாங்கனீசு ஆக்சைடு பொடியை நியூட்ரான் கற்றையில் வைத்தார்கள். அறை வெப்பநிலையில் புதிதாக ஒன்றுமில்லை. அப்புறம் 80 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 193 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். சிதறிவரும் நியூட்ரான்களைக் கோணம் கோணமாக எண்ணி வரைந்த கோட்டில், எக்ஸ்ரேயில் இல்லாத இடத்தில் புதிய மேடுகள் முளைத்தன. மேடு எங்கே வருகிறது என்பதே அடுக்குகளின் இடைவெளியைச் சொல்லும். அந்த எட்டடிக் கணக்கு காகிதத்தில் வந்து நின்றது. சூட்டில் ஆளுக்கொரு திசை பார்த்த அணுக்கள், குளிரில் ஒழுங்காகத் திரும்பிவிட்டன.

இத்தகைய பொருளால் என்ன பயன் என்று நீல் காலத்தில் கேட்டிருந்தால் பதில் சொல்வது கடினம். இன்று கணினியின் ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும் முனையில், ஒரு காந்தப் படலம் திசை மாறாதபடி இழுத்துப் பிடித்திருப்பது இந்த ஒட்டாத காந்தவகைதான்.

ஷல்லுக்கு 1994இல் நோபல் பரிசு கிடைத்தது, கனடாவின் பெர்ட்ரம் பிராக்ஹவுஸோடு சேர்த்து. ஓக் ரிட்ஜில் இந்த வேலையைத் தொடங்கிவைத்த எர்னஸ்ட் வோலன் பத்தாண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். அவர் பங்குபெற முடியாமல் போனதை ஷல்லே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். பிராக்ஹவுஸிடம் வேலை கற்றுத் திரும்பிய நம் பி. கே. ஐயங்கார்தான் மும்பையின் டிராம்பே அணு ஆய்வு மையத்தில் இந்தத் துறையை வளர்த்தார். அங்கே 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா அணு உலையின் நியூட்ரான்கள் இந்த வேலைக்குப் பயன்படுகின்றன.

மலையில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிராம்பேயில் இருப்பது அணுசக்தித் துறைக்காரர்களுக்கு மட்டுமான கருவி இல்லை. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் விண்ணப்பிக்கலாம். சில கிராம் பொடி போதும். அதை வனேடியக் குப்பியில் அடைப்பார்கள், ஏனென்றால் வனேடியம் என்ற உலோகம் தன் பங்குக்கு ஏறக்குறைய மேடு எதையும் காட்டாது. அப்புறம் மணிக்கணக்காக, சில நேரம் நாள்கணக்காகக் காத்திருக்க வேண்டும். மேடு ஒவ்வொரு புள்ளியாக எழும்பி வரும். முதல்முறை அதைப் பார்த்த இரவு நான் தூங்கவே இல்லை.

வணக்கம்.