ஆகஸ்ட் வரை வந்த தம்பி

நேயர்களுக்கு வணக்கம். ஈரோட்டில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். தலையில் அடிபட்டு வருகிறவர்களின் நினைவும் கவனமும் எப்படி இருக்கின்றன என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை.

நம் பக்கம் நோம்பி சாட்டினால் கபடி இல்லாமல் இருக்காது. கோபிப் பக்கம் ஓர் ஊரில் ராத்திரி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெய்டு போன பையனின் நெற்றிப் பொட்டில் எதிரணிக்காரர் முழங்கால் பட்டது. விழுந்தவன் தானாக எழுந்து, எதிரணி வரிசையில் போய் நின்றுகொண்டான். கூட்டம் சிரித்தது. பயிற்சியாளர் ஓடிவந்து மூன்று விரலைக் காட்டி, "எத்தனை கண்ணு?" என்றார். "மூணுங்க." சரி, ஆடு என்று அனுப்பிவிட்டார். எனக்கு மனசு பதறிவிட்டது. எழுந்து போய், அவனை வெளியே உட்கார வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன்.

விரலை எண்ணக் கண் இருந்தால் போதும். மூளை குலுங்கினால் முதலில் கலங்குவது சற்றுமுன் பதிந்த நினைவு. ஆஸ்திரேலியாவில் மேடக்ஸ் என்பவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1995இல் ஆஸ்திரேலிய முறைக் கால்பந்து வீரர்களிடம் இதைக் காட்டினார்கள். பேர் என்ன, தேதி என்ன என்பதைவிட, 'இது எந்தப் பாதி? கடைசியாகப் பாயின்ட் எடுத்தது யார்? போன ஆட்டம் யாரோடு, ஜெயித்தோமா?' என்ற கேள்விகள்தான் அடிபட்டவனை இனம் காட்டின. இவற்றுக்குப் பள்ளிப் படிப்பு வேண்டியதில்லை, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் சந்தேகம் இருந்தால் அன்று ஆட்டம் கிடையாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூங்கி விழுவது, வலிப்பு, இதில் ஒன்று தெரிந்தாலும் நேராக ஆஸ்பத்திரி.

அப்புறம் பெரிய சோதனைகள். விளையாட்டு மருத்துவர்கள் பயன்படுத்தும் 'ஸ்கேட் 6' தாள் 2023இல் வந்தது. பத்துச் சொற்களைச் சொல்லித் திரும்பக் கேட்பார்கள். ஒரு பட்டியலைத் தமிழாக்கினால் பஞ்சும் மிளகும் வரும், நங்கூரமும் சேணமும் வரும். மில்லுக்குப் போகும் பல்லடத்துப் பையனுக்குப் பஞ்சு சட்டையில் ஒட்டி வீட்டுக்கே வருகிறது. நங்கூரத்தை அவன் எங்கே பார்த்தான்? அவன் மறந்தால் அடியால் மறந்தானா, சொல் அந்நியம் என்பதால் மறந்தானா?

மதிப்பெண்ணை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இதைவிடப் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் மோதி மோதி மூளை பாதித்த முன்னாள் வீரர்களுக்கு என்.எஃப்.எல். லீக் இழப்பீடு தரும் ஒப்பந்தத்தை 2015இல் நீதிமன்றம் ஏற்றது. மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது, கறுப்பின வீரர் நினைவு, கவனம் போன்ற திறன்களில் ஆரம்பத்திலேயே குறைந்த இடத்தில் இருந்தார் என்று வைத்துக்கொள்ளும் முறையும் அதில் புகுந்தது. அதனால் ஒரே மதிப்பெண்ணுக்கு வெள்ளையருக்குப் பணம் கிடைக்கும், கறுப்பருக்கு 'உனக்கு ஒன்றும் குறையவில்லை' என்ற பதில் வரும். இழந்ததையே இல்லை என்று சொல்லும் கணக்கு இது. நஜே டேவன்போர்ட், கெவின் ஹென்றி என்ற இரண்டு வீரர்கள் 2020இல் வழக்குப் போட்டார்கள். மறு வருஷம் லீக் அந்த முறையைக் கைவிடுவதாகச் சொன்னது. 2022இல் இனம் பார்க்காத கணக்குக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது.

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம் 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு வயது, பாலினம், படிப்பு பார்த்து ஒப்பிடுகிறது. அது நமக்குப் பெரிய உதவி. என்றாலும், சராசரி என்பது அந்தப் பையன் அல்ல. நன்றாக இருக்கும் நாளில் அவன் எப்படி இருந்தான் என்பதுதான் எனக்கு வேண்டும்.

அந்தப் பயிற்சியாளர் மறுவாரமே என்னைத் தேடி வந்தார். இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். சீசனுக்கு முன் ஒவ்வொருவரிடமும், ஸ்கேட் தாளில் இருப்பதுபோல, மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்கிறார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு தம்பி டிசம்பரில் ஆரம்பித்து ஆகஸ்டில் நின்றுவிட்டான். தாளின்படி அன்றைக்கே தவறு. சித்திரையில் அவனுக்குத் தலையில் அடி. அப்போது நவம்பருக்கு மேல் நகரவில்லை. தாளின்படி அதுவும் தவறு, இரண்டும் ஒன்று. நோட்டின்படி ஒன்றல்ல. அவனை உட்கார வைத்தோம். மூன்றாவது வாரம் மறுபடி ஆகஸ்ட் வரை வந்தான், தலைவலியும் போயிருந்தது. அப்புறம்தான் மெதுவாக ஓட விட்டார்.