தெளிந்த தண்ணீரில் போகும் மணிச்சத்து

நேயர்களுக்கு வணக்கம். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எவ்வளவு உரம் போடுவது என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போட்டதில் எவ்வளவு வயல்காட்டை விட்டு வெளியே போகிறது என்று கேட்டவர்கள் குறைவு. இன்றைக்கு அதைப் பேசலாம். அதிலும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை மட்டும்.

மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், தழைச்சத்தான நைட்ரஜன் மாதிரி ஓடாது என்று நாங்களே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டோம். பெரும்பாலான மண்ணில் அது கீழே இறங்காது, சரி. ஆனால் மேல்மண்ணே மழைத் தண்ணீரோடு கிளம்பிவிட்டால்?

மணிச்சத்துக்காகப் போடும் டிஏபி உர மூட்டை 50 கிலோ. அதில் தனிப் பாஸ்பரஸாகக் கணக்குப் போட்டால் 10 கிலோ இருக்கும். மழையில் ஒரு கிலோ போனால் உங்கள் கணக்கில் அது தெரியவே தெரியாது. குட்டைக்குத் தெரியும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே தண்ணீரில் பாசி செழித்து வளரும். அப்படிப் பார்த்தால் அந்த ஒரு கிலோ, ஒரு கோடி லிட்டர் தண்ணீரைக் கெடுக்கப் போதும். கோவை சிங்காநல்லூர் குளத்து ஆகாயத்தாமரைக்கும் நீங்கள்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை, பயப்படாதீர்கள். அங்கே நகரத்துச் சாக்கடையின் பங்குதான் பெரிது. நான் பேசுவது காட்டோரப் பள்ளத்தையும் ஊர்க் குட்டையையும் பற்றி.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கே பேசப் போனாலும் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. பல்லடம் பக்கத்து விவசாயி ஒருவர், ஐப்பசி மழை விட்ட மறுநாள் இரண்டு பாட்டில் தண்ணீரோடு வந்தார். "ஏனுங்க சார், இது எங்க அண்ணன் காட்டுத் தண்ணி, இது என்ற காட்டுத் தண்ணி. ரெண்டும் ஒரே மழைங்க" என்றார். அண்ணனுடைய பாட்டில் செக்கச்செவேலென்று கலங்கிக் கிடந்தது. அவருடையது குடிக்கலாம் போல இருந்தது. அண்ணன் சரிவிலேயே ஏர் ஓட்டியிருக்கிறார். இவர் தென்னந்தோப்பில் புல் விட்டு வைத்திருக்கிறார். அதைக் காட்டிப் பெருமைப்படத்தான் வந்திருந்தார், அதில் தப்பும் இல்லை.

மணிச்சத்தைப் பார்க்க ஒரு மருந்து ஊற்றுவோம். சத்து இருந்தால் தண்ணீர் நீலமாகும். அதிகமிருந்தால் நீலம் அடர்த்தியாகும். இரண்டையும் வடிகட்டி ஊற்றினேன். அண்ணன் தண்ணீர் லேசாக நீலம் காட்டியது. தம்பியுடையது கருநீலம்! அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. விசாரித்தால், வருடா வருடம் கோழி எருவைத் தோப்பில் தூவி அப்படியே மேலேயே விட்டிருக்கிறார்.

வடிகட்டியில் தங்கிய அண்ணனின் சேற்றை அமிலத்தில் கரைத்துப் பார்த்தபோது, அதிலும் சத்து ஏகமாக இருந்தது. ஆக, போகும் வழி இரண்டு. சேற்றோடு ஒட்டிக்கொண்டு போவது ஒன்று, தண்ணீரில் கரைந்து போவது இன்னொன்று. கரைந்ததைப் பாசி உடனே தின்றுவிடும். சேற்றில் போனது குட்டை அடியில் படுத்திருக்கும். அடித்தண்ணீரில் காற்று தீர்ந்ததும், இரும்பு பிடித்து வைத்திருந்த சத்தும் கரைந்து வெளியே வரும். தெளிந்த தண்ணீர் என்றால் சுத்தமான தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். இதை மறுபடியும் சொல்வேன்.

சரி, மண்ணுக்கு மண் ஏன் இந்த வித்தியாசம்? செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடிக்கின்றன. கரிசலில் சுண்ணாம்பு பிடிக்கிறது. காந்திபுரத்தில் கிளம்பும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சீட் இருக்கும்வரை ஏறுகிறவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். சீட் நிரம்பிய பிறகு ஏறுகிறவர்கள் படியில் நிற்பார்கள், முதல் நிறுத்தத்திலேயே இறங்குகிறவர்களும் அவர்கள்தான். மணல் பாங்கான மண்ணில் சீட்டே குறைவு. களி மண்ணில் நிறைய உண்டு. ஆனால் கோழி எருவையும் டிஏபியையும் வருடா வருடம் மேலேயே கொட்டினால், மேல் இரண்டு அங்குலம் எந்த மண்ணிலும் நிரம்பிப் போகும். மழைத் தண்ணீர் உரசிக்கொண்டு ஓடுவது அந்த மேல்மண்ணைத்தான். கோழி எருவில் மணிச்சத்து அதிகமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தீவனத் தானியத்தில் உள்ள மணிச்சத்தில் பெரும்பகுதியைக் கோழியால் செரிக்க முடியாது. அது எச்சத்தில் வந்துவிடும். பயிருக்குத் தழைச்சத்து போதவேண்டும் என்று அந்த எருவைப் போட்டால், மணிச்சத்து தேவைக்கு மேலேயே சேரும்.

சேறாகப் போவதும் மண்ணைப் பொறுத்ததுதான். எங்கள் பக்கத்துச் செம்மண் பல இடங்களில் மழை அடித்ததும் மேலே ஓடு கட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே போகாது. கரிசல் வெடிப்பு விட்டிருக்கும்போது முதல் மழையை அப்படியே குடித்துவிடும். ஊறி வெடிப்பு மூடிய பிறகு விழுவதெல்லாம் வழிந்தோடும். அப்படி ஓடும்போது மணலை விட்டுவிட்டு நைஸான களியைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போகும். சத்து ஒட்டியிருப்பதும் பெரும்பாலும் அந்தக் களியில்தானே!

சோடியம் ஏறிய மண்ணில் நிலைமை இன்னும் மோசம். வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர் ஊற்றி மெதுவாகப் போடுங்கள், ஆட்டாதீர்கள். உதிர்ந்து அடியில் படிந்தால் பரவாயில்லை. சுற்றிலும் பால் போலக் கலங்கி, மறுநாளும் தெளியாவிட்டால் அந்தக் களி சுலபமாகக் கிளம்பிவிடும். மழைத் தண்ணீர்தான் வேண்டும். உப்பான போர்வெல் தண்ணீரில் போட்டால் ஏமாற்றிவிடும், உப்பு களியைக் கரைய விடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். கோவை வேளாண் கல்லூரியில் 1909இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை வயலைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன், அது இன்னொரு நாளைக்கு. இதை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிஏபியை மேலே தூவாமல் விதைக்குக் கீழே விழும்படி போடுங்கள். மழை வரப்போகும் நாளில் எருவை இறைக்காதீர்கள். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். தண்ணீர் வெளியேறும் மூலையில் கொழுக்கட்டைப் புல் ஒரு பட்டை விடுங்கள், சேறு அங்கே தங்கும். கரைந்த சத்தை அது அவ்வளவாக நிறுத்தாது, அதற்கு, மண்ணின் மேலே போடுவதைக் குறைப்பதுதான் வழி. மண் பரிசோதனையில் ஏக்கருக்கு அல்ல, ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் மணிச்சத்து என்று வந்தால், உங்கள் மண்ணில் அது அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம். மாதிரி எடுக்கும்போது வழக்கமான ஆறு அங்குலத்தோடு, மேல் இரண்டு அங்குலத்தையும் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். வணக்கம்.