20 சதவீதம் டீசல் மிச்சமா? போத்தலைத் திறக்கும் முன் இந்தக் கொப்பியைப் பாருங்கள்!

(காட்சி: கையடக்கமான ஒரு போத்தல். பின்னால் படங்கு மூடிய லொறி.)

இதை டீசல் தாங்கிக்குள் ஊற்றினால் 100 லீற்றரில் 20 லீற்றர் மிச்சமாகும் என்று இந்தப் போத்தலில் அச்சடித்திருக்கிறார்கள். என் மாமா நம்பி வாங்கினார். ஆடி மாதத்தில் அவருடைய லொறி லீற்றருக்கு 4.6 கிலோமீற்றர் ஓடியது. ஐப்பசியில் போத்தலை ஊற்றத் தொடங்கினார், 5 கிலோமீற்றர் ஓடியது! கொப்பியில் அவர் கைப்பட எழுதிய கணக்கு இது, ஒரு எண்ணும் பொய்யில்லை. ஆனால் அந்த மிச்சத்தைத் தந்தது போத்தல் இல்லை. தந்தது யார் என்று வீடியோவின் நடுவில் சொல்கிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் லொறி ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் அவரைத் தெரியும்.

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கல்முனையிலிருந்து பேசுகிறேன்.

முதலில் விற்பவர்கள் சொல்லும் கதை. "டீசலில் பாதி எரியாமல் புகையாய்ப் போகிறது, இது முழுவதையும் எரிக்கும்" என்பார்கள். இது பிழை. நல்ல நிலையிலுள்ள டீசல் இயந்திரம் உள்ளே வருகிற எரிபொருளில் ஏறக்குறைய 98 சதவீதத்தை ஏற்கெனவே எரித்துவிடுகிறது. எரியாமல் மிஞ்சுவதே இரண்டு, அதற்குள்ளிருந்து இருபதை எப்படி எடுப்பது? உண்மையான இழப்பு வெப்பத்தில் இருக்கிறது. எரிந்து கிடைத்த வெப்பத்தில் பாதிக்கும் மேல் ரேடியேற்றர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் காற்றில் கலக்கிறது. ருடோல்ஃப் டீசல் 1897இல் தன் இயந்திரத்தைச் சோதித்தபோது எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதம் வேலையாக மாறியது. இன்றைய நல்ல லொறி இயந்திரங்கள் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. அந்த இடைவெளியைக் கடக்கப் பொறியியலாளர்களுக்கு நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

அப்படியானால் போத்தலுக்குள் இருப்பதெல்லாம் வெறும் தண்ணீரா? இல்லை. சில சேர்க்கைகள், டீசலை இயந்திரத்துக்குள் பீய்ச்சும் நொசிலில் படியும் அழுக்கைக் கழுவுகின்றன. நொசில் அழுக்காக இருந்தால் இழந்த மிச்சம் திரும்பி வரும், சுத்தமாக இருந்தால் ஒன்றும் வராது. இன்னொரு வகை, டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்று காட்டும் சீட்டேன் எண் என்ற அளவைக் கூட்டுகிறது. காய்ந்த தென்னோலையையும் ஈர விறகையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓலை நெருப்பைக் காட்டியவுடன் பற்றும். விறகு புகைந்து புகைந்து, பிறகு ஒரேயடியாகப் பற்றும். சீட்டேன் எண் குறைந்த டீசல் அந்த விறகைப் போன்றது. டீசல் உள்ளே பாய்ந்து பற்றுவதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி போனாலும், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும் இயந்திரம் அதற்குள் 12 பாகை சுழன்றுவிடும்! பற்றத் தாமதமானால்தான் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கடகடச் சத்தம். சீட்டேன் எண் குறைந்தது 51 இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நியமம் கேட்கிறது, அமெரிக்க நியமம் 40. உங்கள் இயந்திரத்துக்குப் போதுமான எண் டீசலிலேயே இருந்தால், அதற்கு மேல் கூட்டுவது காய்ந்த ஓலையை மறுபடியும் வெயிலில் போடுவதுதான்.

சரி, மாமாவுக்கு மிச்சம் தந்தவர் யார்?

கச்சான் காற்று! ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிறதே, அதேதான்.

(காட்சி: வீதியோரம் சாயும் பனைமரங்கள். படபடக்கும் படங்கு.)

மாமா கல்முனையிலிருந்து தேங்காய் ஏற்றி, மட்டக்களப்பு தாண்டி, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி வழியாகத் தம்புள்ளைக்குப் போய் மரக்கறியோடு திரும்புவார். ஆடியில் அந்த வீதியில் மேற்கே போகிறவனுக்குக் கச்சான் நேரே முகத்தில் அடிக்கும். லொறி மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடுகிறது, காற்று 20இல் எதிரே வருகிறது என்று வையுங்கள். லொறியின் நெற்றிக்குக் காற்று 80இல் தெரியும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். எண்பதின் வர்க்கத்தை அறுபதின் வர்க்கத்தால் வகுத்தால் 1.78, அதாவது 78 சதவீதம் அதிகத் தடை!

"திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடுமே தம்பி" என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. திரும்பும்போது தெரியும் காற்று 40. காற்றில்லாத நாளின் தடையை 1 என்று வைத்தால், இதற்குத் தடை 0.44. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 1.11 வருகிறது. போய் வந்த பிறகும் காற்றுத் தடையில் 11 சதவீதம் நட்டம். கச்சான் போகும்போது எடுத்ததை வரும்போது முழுவதும் திருப்பித் தருவதில்லை. இதோடு இறுக்கிக் கட்டாத படங்கும் சேர்ந்தால் அது லொறிக்குப் பாய்மரம். ஐப்பசியில் கச்சான் ஓய்ந்திருந்தது, மாமா போத்தலையும் வாங்கியிருந்தார். பெயர் போத்தலுக்குப் போய்விட்டது.

தை மாதம் இருவரும் ஒழுங்காக அளந்தோம். ஒரே பாதை, ஒரே அளவு சுமை, ஒரே டயர் காற்றழுத்தம். ஒரே பம்பில், சமதரையில் நிறுத்தி, தாங்கியை வாய்மட்டும் நிரப்பினோம். மூன்று பயணம் போத்தலோடு, மூன்று போத்தலில்லாமல், மாறி மாறி. அந்த ஆறில் மிகச் சிறந்த பயணம் லீற்றருக்கு 5.1 கிலோமீற்றர். அது போத்தலில்லாத பயணம். மாமா அன்று இரவு கொப்பியை மூன்று தரம் புரட்டிப் பார்த்தார்.

காசுக் கணக்கும் பாருங்கள். உதாரணத்துக்கு டீசல் லீற்றர் 300 ரூபா, 100 லீற்றருக்கு ஊற்றும் போத்தல் 1,500 ரூபா என்று வையுங்கள். போட்ட காசு திரும்பவே 5 லீற்றர் மிஞ்ச வேண்டும். லீசிங் தவணைக்கு எண்ணி வைத்த காசை இப்படி இழக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மண்ணெண்ணெய் கலப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் டீசல் 460 ரூபா விற்றபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்தது, ஆவணியில்தான் 340 ஆனது. அந்த நாட்களில் கலந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பம்பையும் நொசிலையும் வழுவழுப்பாக வைத்திருப்பது டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு, உலோகம் உலோகத்தைத் தேய்க்கும்.

நெல் அறுவடை முடிந்து மாதக்கணக்கில் லொறியை நிறுத்தி வைப்பவர்கள் தாங்கியைப் பாதியாக விட்டுப் போகாதீர்கள். வாவிக்கரை ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும், டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து சளிபோலப் படர்ந்து ஃபில்டரை அடைக்கும். நிரப்பி வையுங்கள். எடுக்கும்போது ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

வருகிற ஆடியில் கச்சான் தொடங்கியதும், படங்கை இறுக்கிக் கட்டி ஒரு பயணம், வழக்கம்போலக் கட்டி ஒரு பயணம் என்று மாமாவும் நானும் அளக்கப்போகிறோம். பொத்துவில் வீதியில், செங்கலடி பதுளை வீதியில் ஓடும் அண்ணன்மார் உங்கள் கணக்கையும் கீழே எழுதுங்கள். என்ன லொறி, என்ன சுமை, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதோடு, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.