பணிஸுக்குள் இருக்கும் தண்ணீர்

வணக்கம், நேயர்களே.

பின்னேரம் நாலரை மணிக்கு எங்கள் ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ வரும். ஓட்டோவுக்கு முன்னரே அதன் பாட்டு வந்துவிடும். பீத்தோவன் 1810 இல் பியானோவுக்கென்று எழுதிய இசை அது. எங்கள் பிள்ளைகளுக்கு அது பாண் பாட்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் மாலுபாண், பற்றிஸ், ரோல்ஸ், சீனி தூவிய கிம்புலா பணிஸ் எல்லாம் அடுக்கியிருக்கும். நான் இன்றைக்குப் பேச வந்தது அந்தப் பெட்டிக்குள் அரிதாகவே கிடைக்கிற ஒன்றைப் பற்றி. ஆட்டிறைச்சிப் பிரட்டலையும் சீஸையும் உள்ளுடனாக வைத்து வெதுப்பி எடுக்கிற பணிஸ்.

பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமைகளில் வீட்டில் சில பிள்ளைகளுக்கு வெதுப்பக் காட்டிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே முறைப்பாட்டோடுதான் வருவார்கள். "மிஸ், மேல் நல்லா வருது. அடிதான் களி மாதிரிக் கிடக்கு." மாவில் பிழை இருக்கும், ஈஸ்ற் பழசாய் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் இரண்டிலும் பிழை இராது. பிழை தண்ணீரில். இறைச்சிக்குள் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது, அது எந்த நேரத்தில் ஆவியாகிறது என்பதுதான் இந்தப் பணிஸின் முழுச் சங்கதியும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் மூத்த மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு 24 பணிஸ் செய்தேன். விருந்தாட்கள் வருகிற அவசரம். கறி தாச்சியை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக மாவுக்குள் வைத்துச் சுற்றினேன். வெதுப்பி எடுத்தால் சீஸ் முழுக்கத் தட்டில் ஓடிக் கருகிக் கிடந்தது. மகள் ஒன்றை எடுத்து மேற்பாதியைத் தின்றுவிட்டு, அடிப்பாதியைப் பீரிஸில் வைத்தாள். "அம்மா, கீழ அவியேல்லைப் போல கிடக்கு" என்றாள். என் மாமா பக்கத்தில் இருந்தார். வாலிப வயதிலிருந்து பேக்கரியில் நின்றவர். ஒன்றைப் பிரித்து, அடியைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். விரல் பதிந்த இடம் எழும்பவில்லை. "பிள்ளை, கறியை ஆறவிட்டனியே?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியைத்தான் நான் இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாமா வேலை செய்தது செங்கல் போறணையில். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத அந்த வருடங்களிலும் விறகு இருந்தால் போறணை எரியும். இரவு ஒரு மணிக்கு உள்ளே விறகு அடுக்கி மூட்டி, கல் வெளுக்கும்வரை எரித்து, தணலை வெளியே இழுத்துவிட்டு, ஈரச் சாக்கால் தரையைத் துடைப்பார்கள். பிறகு ஒரு சிட்டிகை மாவை உள்ளே எறிவார் மாமா. விழுந்த உடனே கறுத்தால் போறணை தணிய இன்னும் நேரம் கொடுக்க வேண்டும். மெல்ல மெல்லப் பொன்னிறமானால் பாணை வைக்கலாம். வெப்பமானி அவர் கண்டதில்லை.

பாண் என்பதும் போறணை என்பதும் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள். 1619 இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தவர்கள், 1658 இல் ஒல்லாந்தரிடம் அதைப் பறிகொடுத்துப் போனார்கள். சொற்கள் குசினிக்குள் தங்கிவிட்டன. ஸ்பெயினிலும் தென்னமெரிக்காவிலும் இறைச்சி வைத்துச் செய்கிற எம்பனாடாவின் பெயருக்குள்ளும் இதே பாண்தான் இருக்கிறது. பாணுக்குள் பொதிந்தது என்பது அதன் பொருள். ரஷ்யாவில் பிரோஷ்கி, மத்திய ஆசியாவில் மண் அடுப்பின் சுவரில் ஒட்டி வேகவைக்கிற சம்சா. மாவுக்குள் இறைச்சியைப் பொதிகிற ஆசை எல்லா நாட்டிலும் உண்டு. எங்களுக்கு மோதகம் பிடிக்கத் தெரியும். அதனால் பாதி வேலை ஏற்கெனவே கைக்குள் இருக்கிறது.

சரி, உள்ளுடனுக்கு வருகிறேன். 16 பணிஸுக்கு எலும்பில்லாத தனி இறைச்சி 400 கிராம் வேண்டும். அதை இயந்திரத்தில் அரைக்கக் கொடுக்காதீர்கள். கத்தியால் கடலை அளவுக்குக் கொத்துங்கள். அரைத்தது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், கொத்தினது கடிபடும். பெரிய வெங்காயம் இரண்டு, இஞ்சி, உள்ளி, கறிவேப்பிலை, ஒரு துண்டு கறுவா, பெருஞ்சீரகம், எங்கள் வறுத்த கறித்தூள். உப்பைப் பாதியாகக் குறையுங்கள். சீஸில் உப்பு இருக்கிறது. தேங்காய்ப்பால் விடவே வேண்டாம். பால் விடாமல் என்ன யாழ்ப்பாணத்துக் கறி என்று நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் பால் இந்த உள்ளுடனில் ஈரத்தையும் கூட்டும், எங்கள் வெக்கையில் கறியையும் கெதியாகப் புளிக்க வைக்கும். வாசத்துக்குப் பெருஞ்சீரகம் காணும்.

மூடி வைத்து, மெல்லிய நெருப்பில் இறைச்சி மெதுமையாகும்வரை அவியவிடுங்கள். முக்கால் மணித்தியாலம் ஆகலாம். அதற்குப் பிறகு மூடியைத் திறந்து பிரட்டத் தொடங்குங்கள். இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். அகப்பையால் தாச்சியின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் சாறு ஓடி வந்து கோட்டை மூடினால் இன்னும் ஆகவில்லை. கோடு திறந்தபடியே கிடந்து, தாச்சியின் அடி பளிச்சென்று தெரிந்து, இறைச்சி எண்ணெயில் பொரிகிற சத்தம் கேட்டால் இறக்கலாம். அதுவரை குழம்பு கொதிக்கிற சத்தம் தடிப்பாக இருக்கும். தண்ணீர் வற்றியதும் சத்தம் மெலிந்து கூர்மையாகும். காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

இறக்கிய பின், அவித்து மசித்த உருளைக்கிழங்கு 150 கிராமைச் சேருங்கள். மிஞ்சிய ஈரத்தைக் கிழங்கின் மாப்பொருள் குடித்துவிடும். அரைத் தேசிக்காய் பிழிந்து, அகலமான தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். ஆறிய கறியை மேசையிலேயே விட்டுவிட்டு மா குழைக்கப் போகாதீர்கள். பிறிட்ஜுக்குள் வையுங்கள். சமைத்த இறைச்சியை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பங்குனி, சித்திரை வெயிலுக்கு ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீஸை இறைச்சியோடு கலக்க வேண்டாம். 120 கிராமை 16 துண்டாக வெட்டிக் குளிரில் வைத்து, ஒவ்வொரு பணிஸிலும் ஒரு துண்டை உள்ளுடனின் நடுவில் புதையுங்கள். சுற்றிவர இறைச்சி இருந்தால் சீஸ் உருகினாலும் வெளியே ஓட வழியில்லை. பெட்டியில் வருகிற பதப்படுத்திய சீஸே இதற்கு எனக்குப் பிடித்தது. ஜேம்ஸ் கிராப்ட் என்பவர் 1916 இல் அமெரிக்காவில் அந்த வகைச் சீஸுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று அதில் சேர்க்கிற சில உப்புகள், சூடேறும்போது கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நூல் நூலாக இழுபட வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு மொஸரெல்லா வைக்கலாம். ஆனால் அதைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துத்தான் வைக்க வேண்டும்.

மா பெரிய வித்தை இல்லை. கோதுமை மா 500 கிராம், சீனி 50, உப்பு 8, உடனடி ஈஸ்ற் 7 கிராம், முட்டை ஒன்று, வெதுவெதுப்பான பால் 280 மில்லிலீற்றர், கடைசியில் பட்டர் 50 கிராம். பாலைத் தொட்டால் கைக்குச் சூடு தெரியாத பதம். கொதிக்கக் கொதிக்க விட்டால் ஈஸ்ற் செத்துப்போகும். பத்து நிமிடம் அடித்துக் குழையுங்கள். விரலால் விரித்தால் கிழியாமல் மெல்லிய தோலாக வர வேண்டும். புத்தகங்களில் ஒரு மணித்தியாலம் பொங்கவிடு என்று இருக்கும். அது குளிர் நாட்டுக் கணக்கு. இங்கே கோடையில் நாற்பது நிமிடத்தில் இரண்டு மடங்காகிவிடும். மார்கழி மழையில் கூடுதல் நேரம் எடுக்கும். மணிக்கூட்டைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

இனி மோதகம் பிடித்த கைக்கு வேலை. 16 உருண்டையாக்கி, ஒவ்வொன்றையும் வட்டமாகத் தட்டும்போது நடுவைத் தடிப்பாகவும் ஓரத்தை மெல்லியதாகவும் விடுங்கள். ஓரங்கள் கூடி வந்து ஒட்டுகிற இடம்தான் பணிஸின் அடி. தடித்த ஓரங்கள் அங்கே குவிந்தால் அது வேகாத கட்டியாகவே கிடக்கும். கறி எண்ணெய் ஓரத்தில் ஒரு துளி பட்டாலும் மா ஒட்டாது. கரண்டியால் நடுவில் மட்டும் வையுங்கள், விரலால் வைக்க வேண்டாம். மடிப்பு மடிப்பாகக் கூட்டி, முறுக்கி, கிள்ளி, அந்தப் பக்கம் கீழே வரும்படி தட்டில் அடுக்குங்கள். இன்னும் அரை மணித்தியாலம் பொங்கட்டும். பிறகு முட்டையில் ஒரு கரண்டி பால் அடித்துப் பூசுங்கள்.

ஓவனை 190 பாகையில் கால் மணித்தியாலமாவது முன்கூட்டிச் சூடாக்க வேண்டும். தட்டு கீழ்த்தட்டில் இருந்தால் நல்லது. சின்ன மேசை ஓவன்கள் மேலேதான் அதிகம் எரிக்கும். 18 முதல் 20 நிமிடம். ஒன்றைத் திருப்பி அடியில் விரலால் தட்டினால் வெறும் தகரப்பேணியைத் தட்டியது போல் கேட்க வேண்டும். எடுத்ததும் சூட்டோடு பீங்கான் தட்டில் வைத்தீர்களானால் அவ்வளவு பாடும் வீண். உள்ளிருந்து வருகிற ஆவி பீங்கானில் பட்டுத் தண்ணீராகி அடியை நனைத்துவிடும். கம்பித்தட்டு இல்லாதவர்கள் சுளகில் துணி விரித்து வையுங்கள்.

வெதுப்பும்போது கரண்ட் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று போன சனிக்கிழமை ஒரு பிள்ளை கேட்டாள். கேட்டுப் பத்து நிமிடத்தில் உண்மையாகவே நின்றது. பணிஸ் உள்ளே போய் 12 நிமிடம். கதவைத் திறக்காதே என்றேன். உள்ளே அடைபட்ட சூட்டில் இன்னும் கால் மணித்தியாலம் விட்டு எடுத்தோம். நிறம் கொஞ்சம் வெளிறல். ஒன்றைப் பிரித்து அடியைப் பெருவிரலால் அமத்தினேன். விரலை எடுத்ததும் பஞ்சு போல எழும்பி வந்தது.

வணக்கம்.